சிப் வெட்டும் லேசர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வேஃபரை (சிப்கள் உருவாக்கப்பட்ட சிலிக்கான் தட்டை)ச் சிப்களாக அறுக்க வைர பிளேடு இருக்கும்போது லேசர் எதற்கு?

பதில்: தடிமனான, சாதாரண சிலிக்கான் வேஃபருக்கு இன்றும் பிளேடுதான் சிக்கனம். ஆனால் 100 மைக்ரானுக்குக் கீழே தேய்த்து மெலிதாக்கிய வேஃபரில் பிளேடு இறங்கினால் அடிப்பக்க ஓரம் பொரிந்து விரிசல் விடும். மேலே உள்ள லோ-கே (மின்காப்பு மாறிலி குறைந்த) மின்காப்பு அடுக்குகளோ மிக மென்மையானவை. பிளேடு இழுக்கும் இழுப்பில் உரிந்து வந்துவிடும். அதனால் 355 நானோமீட்டர் புற ஊதா லேசரால் அந்த அடுக்குகளை மட்டும் முதலில் பள்ளமாகச் சுரண்டிவிட்டு, பிறகு பள்ளத்துக்குள் பிளேடை இறக்குவார்கள். பள்ளம் பிளேடைவிட அகலமாக இருக்க வேண்டும். பிளேடு பள்ளத்தின் ஓரத்தில் உரசினால் பாடுபட்டதெல்லாம் வீண்.

கேள்வி: லேசர் போன தடத்தின் ஓரத்தில் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. கழுவினாலும் போவதில்லையே?

பதில்: அது தூசியல்ல, உருகித் தெறித்து மறுபடி உறைந்த சிலிக்கான். ஒட்டிய பிறகு போராடிப் பயனில்லை. லேசருக்கு முன்பே தண்ணீரில் கரையும் பூச்சைச் சுழற்றிப் பூசி, வேலை முடிந்ததும் கழுவிவிடுங்கள். துகள் பூச்சோடு போய்விடும். பம்ப் (மின் இணைப்புக்கான சிறு உலோகக் குமிழ்) உள்ள வேஃபரில் பம்பின் உச்சியில் பூச்சு மெலிந்திருக்கும், அங்கே ஒருமுறை பாருங்கள். திறனைக் கூட்டி ஒரே ஓட்டத்தில் வெட்டுவதைவிட, குறைத்துப் பல ஓட்டங்களில் வெட்டினால் சூடு குறையும்.

கேள்வி: மேற்பரப்பைத் தொடாமல் உள்ளே மட்டும் வெட்டுவது எப்படி? எங்களுக்குச் சில சிப்கள் பிரியவே இல்லை.

பதில்: ஹமாமட்சு ஃபோட்டோனிக்ஸ் உருவாக்கிய ஸ்டெல்த் டைசிங் முறை இது. சுமார் 1,100 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தைச் சிலிக்கான் பெரும்பாலும் உறிஞ்சாமல் ஊடுருவ விட்டுவிடும். அந்த எல்லையை ஒட்டிய அகச்சிவப்பு லேசர் துடிப்புகளை உள்ளே குவித்தால், குவிந்த இடத்தில் மட்டும் ஒளி உறிஞ்சப்பட்டு படிகம் சிதையும், அங்கிருந்து மேலும் கீழும் விரிசல் ஓடும். பிறகு வேஃபர் ஒட்டியிருக்கும் டேப்பை நாலாபக்கமும் இழுத்தால் சிப்கள் பிரியும். தண்ணீர் வேண்டாம், வெட்டில் சிலிக்கான் வீணாவதும் இல்லை. நுண்ணிய அசையும் பாகங்கள் உள்ள சென்சார்களுக்கு இதைவிடத் தோதான முறை கிடைப்பது அரிது.

சிலிக்கானின் ஒளிவிலகல் எண் சுமார் 3.5. லென்ஸை 10 மைக்ரான் இறக்கினால் குவியம் உள்ளே 35 மைக்ரானுக்குக் குறையாமல் நகரும்; ஆழத்தை இந்தக் கணக்கில் வையுங்கள். தடிமனான வேஃபருக்கு இப்படிச் சிதைத்த அடுக்குகள் பல தேவை. ஒளி நுழையும் முகத்திலிருந்து மிக ஆழமான அடுக்கையே முதலில் போட வேண்டும். மேலடுக்கை முதலில் சிதைத்தால் அது கீழே போகும் ஒளியைச் சிதறடிக்கும்.

பிரியாத சிப்களில், முதலில் வெட்டுத் தடத்தைச் சோதியுங்கள். அங்கே சோதனைக்கான உலோகத் திட்டுகள் இருந்தால் ஒளி உள்ளே போகாது. பின்பக்கத்திலிருந்து பாய்ச்ச வேண்டும். பின்பக்கம் தேய்த்த கீறலோடு சொரசொரப்பாக இருந்தாலும் ஒளி சிதறும், மெருகேற்றுங்கள். மின்கடத்தலுக்காக மாசு அணுக்களை அதிகம் கலந்த சிலிக்கான் அகச்சிவப்பையும் விழுங்கிவிடும். இவை எல்லாம் சரி, ஆனால் சிப்பைப் பிறகு ஒட்டுவதற்காக அடியில் பதித்த ஒட்டுப்படலம் மட்டும் ரப்பராக நீண்டு அறாமல் நிற்கிறதா? குளிர்வித்து விறைப்பாக்கிய பின் இழுங்கள், அறுந்துவிடும்.