இரவில் எதை முதலில் போடுவது? முதலில் அந்த டியூபைப் படியுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. திண்டுக்கல்லில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு கன்னத்திலும் மங்கு. தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. எட்டு மாதமாக விடாமல் தினமும் போடுகிறேன். இப்போது வெயில் பட்டால் எரிகிறது, தாடையோரம் பூனைமுடி வளர்கிறது. வீடியோ பார்த்து டோனர், வைட்டமின் சி, நியாசினமைடு, ரெட்டினால் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். இரவில் எதை முதலில், எதை அடுத்துப் போட வேண்டும்? என் 13 வயது மகளும் சீரம் கேட்கிறாள். கொடுக்கலாமா?

பதில்: வரிசையை அப்புறம் பார்ப்போம். நீங்கள் எழுதியதில் என்னைப் பதற வைத்தது அந்த எட்டு மாதம்தான்.

அந்த டியூபை எடுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு கிரீம். மங்குக்கு என்று கடையில் தருவது பெரும்பாலும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் சேர்ந்ததாக இருக்கும். இதைத் தோல் மருத்துவர்களான நாங்களும் எழுதுவதுண்டு. ஆனால் சில வாரங்களுக்கு மட்டும்தான். இடையில் வரச்சொல்லிப் பார்ப்போம், பிறகு நிறுத்திவிடுவோம்.

ஸ்டீராய்டு முதலில் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். அந்த வெளுப்பைத்தான் நீங்கள் பளபளப்பு என்று பார்த்தீர்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். கன்னத்தில் சிவப்பு நூல் போல ரத்தக்குழாய் தெரியும், பரு கிளம்பும், பூனைமுடி வரும், வெயிலும் அடுப்புச் சூடும் தாங்காது. ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்கில் போடுகிறவர்களில் சிலருக்கு நீலம் கலந்த கருமை படிந்துவிடுகிறது. அதை எடுப்பது மங்கை எடுப்பதைவிடக் கஷ்டம்.

இதை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2018-லேயே மத்திய அரசு ஸ்டீராய்டு கிரீம்களை ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. டியூபிலேயே எச்சரிக்கை அச்சாகி இருக்கும். அப்படியும் இருமல் மிட்டாய் கேட்பது போலக் கேட்டு வாங்க முடிகிறது. தோல் மருத்துவர்கள் வருடக்கணக்காகக் கத்துகிறோம். சட்டம் இருக்கிறது, கடைக்கு வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. கவுன்டரில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்தே மருந்து எடுத்துக் கொடுக்கிறார். முகம் கெட்ட பிறகு அந்தப் பெண் வந்து உட்காருவது எங்கள் முன்னால்தான்.

பார்லரில் தரும் நைட் கிரீம் இதைவிட மோசம். சின்ன வட்ட டப்பா, அதில் ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். தயாரிப்பு உரிம எண் இருக்காது, வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்காது. சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. நம் நாட்டில் அழகுசாதனப் பொருளில் பாதரசம் சேர்க்கத் தடை. முகத்துக்கான கிரீமில் தற்செயலாகக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2023-ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை விசாரித்தபோது, பலர் இப்படிப்பட்ட சிவப்பழகு கிரீம்களைப் பூசி வந்தது தெரிந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போயிருக்கிறது. உரிம எண் இல்லாத டப்பாவை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அக்கா கொடுத்தாலும் சரி, இன்ஸ்டாகிராமில் ஆயிரம் பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாலும் சரி.

இங்கே ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். பத்துப் பதினைந்து நாள் மட்டும் போட்டவர்களிடம், இன்றைக்கே குப்பையில் போடுங்கள் என்று சொல்வேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். எட்டு மாதம் பழகிய தோலுக்குச் சட்டென்று ஸ்டீராய்டு நின்றால், சில நாட்களில் முகம் சிவந்து, எரிந்து, வீங்கி, கொத்துக் கொத்தாகப் பரு கிளம்பலாம். வகுப்பில் போய் நிற்க முடியாத அளவுக்கு ஆகலாம். அப்போது எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: கிரீம் போட்ட வரை நன்றாக இருந்தது, நிறுத்தியதால்தான் கெட்டது. உடனே மறுபடியும் எடுத்துப் பூசுகிறார்கள், இரண்டே நாளில் அடங்கிவிடுகிறது, இன்னொரு வருடம் ஓடிவிடுகிறது. அந்தச் சிவப்பு, கிரீம் செய்த கேடு வெளியே வருவது. நிறுத்தியதால் புதிதாக வந்த நோய் இல்லை. ஆகவே இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். வீரியம் குறைந்ததற்கு மாற்றியோ, இடைவெளி விட்டுக் குறைத்தோ, ஸ்டீராய்டு இல்லாத மருந்து கொடுத்தோ அவர் இறக்கிக் கொண்டுவருவார். வாங்கிய டியூப்கள், சீரம்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். போர்டில் காஸ்மெட்டாலஜி என்று இருந்தால் மட்டும் போதாது, எம்பிபிஎஸ் முடித்து தோல் மருத்துவத்தில் எம்டி, டிஎன்பி அல்லது டிப்ளமோ வாங்கியவரா என்று பாருங்கள். செலவு யோசனை என்றால் உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது.

சரி, இனி இரவுக்கு வருவோம். எரிச்சல் அடங்கும்வரை, மருத்துவர் தருவதைத் தவிர உங்களுக்கு இரண்டே பொருள்தான்: வாசனை இல்லாத மென்மையான ஃபேஸ் வாஷ், வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர். குளியல் சோப்பு வேண்டாம், பெரும்பாலானவற்றில் காரத்தன்மை அதிகம். ஸ்க்ரப், எலுமிச்சை, பேக்கிங் சோடா எதுவும் முகத்துப் பக்கம் வரக் கூடாது. கையில் நுரைத்து, விரல் நுனியால் மெதுவாகத் தடவி, சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். டவலால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசரைப் பூசுங்கள். டோனர் யாருக்கும் கட்டாயம் இல்லை. வாங்கியாகிவிட்டதே என்பதற்காக எதையும் பூச வேண்டாம்.

ரெட்டினாலை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு தொடங்கலாம். முதலில் வாரத்தில் இரண்டே இரவு. முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு முழு முகத்துக்கும் போதும். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டோரம் விட்டுவிடுங்கள். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ரெட்டினால். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம், அதற்குள் வேறொன்றுக்குத் தாவாதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ தொடவே கூடாது. வைட்டமின் சி-யும் எரிச்சல் அடங்கிய பிறகுதான், காலையில். நியாசினமைடை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

மங்கைத் தூண்டுவதில் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. பகலில் சன்ஸ்கிரீன் போடாமல் இரவில் என்ன பூசினாலும் காசுக்குக் கேடு. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், முடிந்தால் அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த நிறமுள்ள வகையாக வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்க வைக்கும், அதையும் இது ஓரளவு தடுக்கும். கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மகளுக்கு சீரம் எதுவும் வேண்டாம். இரவில் ஃபேஸ் வாஷ், தோல் வறண்டால் கொஞ்சம் மாய்ஸ்சரைசர், பகலில் பள்ளிக்குப் போகும்போது சன்ஸ்கிரீன். பரு நிறைய வந்தால் என்னைப் போன்ற ஒருவரிடம் கூட்டி வாருங்கள். உங்கள் டியூபை மட்டும் அவள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.