ஓவியத்தில் மனநிலையும் பகடியும்: கற்பிப்போர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஓவியத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். வரையும் நுட்பம் பற்றிய கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. பார்ப்பதைப் பற்றி மட்டும் பேசலாம்.

கேள்வி (உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்): வணக்கம் அம்மா. எந்த ஓவியத்தைக் காட்டினாலும் என் மாணவர்கள் "சோகமாக இருக்கிறது", "மகிழ்ச்சியாக இருக்கிறது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இதிலிருந்து எப்படி மேலே கொண்டுபோவது?

பதில்: முகங்களை மறைத்துவிடுங்கள். மாணவர்களின் கண் முதலில் முகத்தைத்தான் தேடும். உதடு மேலே வளைந்தால் மகிழ்ச்சி, கீழே வளைந்தால் சோகம் என்று தீர்ப்பு வந்துவிடும். துண்டுக் காகிதத்தால் முகங்களை மூடிவிட்டு, மீதி ஓவியம் என்ன உணர்த்துகிறது என்று கேளுங்கள்.

எட்வர்ட் ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' (1942) இதற்கு மிகவும் ஏற்றது. நள்ளிரவு உணவகம், உள்ளே நான்கு பேர், ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார். வெளிச்சம் முழுவதும் உள்ளேயிருந்து வருகிறது. தெருவில் ஆள் இல்லை. "நீ தெருவில் நிற்கிறாய். உள்ளே எப்படிப் போவாய்?" என்று கேளுங்கள். தேடுவார்கள். தெருவிலிருந்து உள்ளே நுழைய ஒரு கதவுகூட வரையப்படவில்லை. அதைக் கண்டுபிடித்த பிறகு 'சோகம்' என்ற சொல் அவர்களுக்கே போதாமல் போகும். அடைபட்டிருப்பது, சேர்ந்திருந்தும் தனித்திருப்பது என்று தாங்களாகவே சொற்களைத் தேடத் தொடங்குவார்கள்.

சொற்பஞ்சம் தீர, உணர்வுகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியப் பகுதியான மெய்ப்பாட்டியலை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), பெருமிதம், அச்சம், வெகுளி (சினம்), உவகை என்று எட்டைச் சொல்வதோடு அது நிற்பதில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கிறது என்றும் பிரிக்கிறது. அழுகை என்றால் இளிவா (பிறர் இகழ்வதா), இழவா (இழப்பா), அசைவா (பழைய நிலையிலிருந்து தாழ்வதா), வறுமையா? இந்தக் கேள்வியை ஓர் ஓவியத்தின் முன் நின்று கேட்டுப் பாருங்கள். மாணவர்கள் காரணம் தேடி ஓவியத்துக்குள் திரும்பிப் போவார்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

கேள்வி (நடுநிலைப் பள்ளி ஆசிரியர்): நீலம் சோகம், சிவப்பு கோபம், மஞ்சள் மகிழ்ச்சி என்று ஓர் அட்டவணை தயாரித்திருக்கிறேன். சரிபார்த்துத் தர முடியுமா?

பதில்: அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அட்டவணை கைக்கு வந்ததும் மாணவர்கள் ஓவியத்தை விட்டுவிட்டு அட்டவணையைப் படிப்பார்கள்.

வான் கோ 1888-இல் வரைந்த 'படுக்கையறை'யை எடுத்துக்கொள்ளுங்கள். நிறங்களே ஓய்வையும் உறக்கத்தையும் உணர்த்த வேண்டும் என்று தம்பி தியோவுக்கு எழுதினார். சுவர்கள் வெளிர் ஊதா என்றும் குறிப்பிட்டார். இன்று அந்தச் சுவர்கள் நீலமாகத் தெரிகின்றன, ஏனென்றால் கலவையில் இருந்த சிவப்புச் சாயம் காலப்போக்கில் மங்கிவிட்டது. உங்கள் அட்டவணையை வைத்திருக்கும் மாணவன் "நீலம், ஆகவே சோகம்" என்று எழுதுவான். ஓவியர் அந்தச் சுவருக்குப் பூசாத நிறத்துக்கு அவன் பொருள் சொல்லியிருப்பான்.

நிறத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதே ஓவியத்தின் கறுப்பு வெள்ளைப் படியைப் பக்கத்தில் வையுங்கள். எது மாறியது, எது மாறவில்லை என்று கேளுங்கள். 'படுக்கையறை'யில் நிறத்தை எடுத்த பிறகும் சாய்ந்து வரும் தரை அப்படியே இருக்கும். ஓய்வுக்கான அறை என்று ஓவியர் சொன்னதைப் பலரால் ஏற்க முடியாததற்கு அந்தத் தரையும் ஒரு காரணம்.

கேள்வி: ஆனால் சிவப்பு எல்லா இடத்திலும் கோபம்தானே அம்மா?

பதில்: இல்லை. எந்தச் சிவப்பு, எவ்வளவு பரப்பில், எதன் பக்கத்தில் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

கேள்வி (பயிற்சி ஆசிரியர்): பகடியை எங்கிருந்து தொடங்குவது? மீசை வைத்த மோனா லிசாவைக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

பதில்: மூல ஓவியத்தைக் காட்டாமல் பகடியைக் காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூலத்துக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். 1919-இல் மார்செல் துஷாம்ப் ஒரு மோனா லிசா அஞ்சலட்டையில் மீசையும் குறுந்தாடியும் வரைந்தபோது, அந்த முகத்தைச் சுற்றி எவ்வளவு பயபக்தி சேர்ந்திருந்தது என்பது தெரியாத மாணவனுக்கு அது வெறும் கிறுக்கல். பயபக்தியைச் சீண்டும் செயல் அவன் கண்ணில் படாது.

பிறகு இரண்டு பட்டியல்கள் எழுதச் சொல்லுங்கள்: மூலத்திலிருந்து அப்படியே வைத்திருப்பவை, மாற்றியவை. முதல் பட்டியலைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். பகடியின் சாமர்த்தியம் பாதி அதில்தான் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் டாவிட் 1800-இல் வரைந்த மதாம் ரெகாமியே என்ற பெண்ணின் உருவப்படத்தை பெல்ஜிய ஓவியர் மக்ரித் 1951-இல் திரும்ப வரைந்தார். சாய்மெத்தை அங்கேயே இருக்கிறது, நெடிய விளக்குத் தண்டு இருக்கிறது, வெறுமையான பின்சுவரும் இருக்கிறது. பெண்ணின் இடத்தில் மட்டும், சாய்ந்து அமர்ந்திருப்பதுபோல் வளைந்த ஒரு சவப்பெட்டி. சுற்றியிருப்பவை சிறிதும் மாறாததால்தான் அந்த ஒரு மாற்றம் நெஞ்சில் தைக்கிறது.

ஓர் எச்சரிக்கை. 'இது பகடி' என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். ஓவியத்தின் தலைப்பையும் சொல்லாதீர்கள். பெயர் தெரிந்ததும் மாணவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி (கலை வரலாற்று விரிவுரையாளர்): கிராண்ட் வுட்டின் 'அமெரிக்கன் காதிக்' ஓவியத்துக்குப் பகடி என்று சொல்லி கார்டன் பார்க்ஸின் 1942 புகைப்படத்தைப் பலர் பாடத்தில் வைக்கிறார்கள். துடைப்பத்துடன் நிற்கும் ஓர் உழைக்கும் பெண்மணியைப் பகடிப் பொருளாக்குவது முறையா?

பதில்: அறியாதவர்களுக்காக: வுட்டின் ஓவியம் 1930-இல் வந்தது. கூர்முனை வளைவுச் சன்னல் கொண்ட வெள்ளை மரவீடு, அதன் முன் கவைக்கோல் பிடித்த முதியவர், பக்கத்தில் ஒரு பெண். பார்க்ஸின் படத்தில் வாஷிங்டனில் ஓர் அரசு அலுவலகத்தைத் துப்புரவு செய்த எலா வாட்சன் நிற்கிறார். கையில் துடைப்பம், பக்கத்தில் தரை துடைக்கும் மாப்பு, பின்னால் தொங்கும் அமெரிக்கக் கொடி.

பகடிக்கு ஆளாவது எலா வாட்சன் அல்லர். ஒரு நாட்டின் முகம் என்று கொண்டாடப்பட்ட ஓவியத்தில் யாருக்கு இடம் கிடைக்கவில்லை என்று அந்தப் புகைப்படம் கேட்கிறது. கவைக்கோல் இருந்த இடத்தில் துடைப்பம், வீடு இருந்த இடத்தில் கொடி. அடி விழுவது அந்தக் கொடி தந்த வாக்குறுதியின் மேல்.

கேள்வி (அதே விரிவுரையாளர்): அப்படியானால் பழைய அமைப்பை எடுத்தாண்ட எல்லாமே பகடியா? வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' (1656) ஓவியத்தை வைத்து பிக்காசோ 1957-இல் வரைந்த தொடரும் பகடிதானா?

பதில்: இல்லை. இலக்கியக் கோட்பாட்டாளர் லிண்டா ஹட்சியன் பகடியை விமர்சன இடைவெளியோடு கூடிய மறுபடைப்பு என்று விளக்குகிறார். சிரிப்பு அதில் கட்டாயமில்லை, இடைவெளி கட்டாயம். பிக்காசோ அந்த அறையைக் கலைத்துக் கலைத்துத் திரும்ப அடுக்குகிறார். அது ஓவியர் ஓவியரோடு நடத்தும் உரையாடல். பார்க்ஸின் மாற்றங்களோ எல்லாம் ஒரே திசையில் நிற்கின்றன. மாற்றங்கள் ஒரு திசையில் சேர்கின்றனவா என்று பாருங்கள். வகுப்பில் இந்தச் சோதனை நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி (இன்னொருவர்): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வுட்டின் ஓவியமே கிண்டல்தான் என்று அவருடைய சொந்த மாநிலமான அயோவாவின் மக்கள் கோபப்பட்டார்களே. பகடிக்குப் பகடியா இது?

பதில்: கேலி தம் நோக்கமல்ல என்று வுட் மறுத்தார். இதை மாணவர்களிடமே விடுங்கள், அருமையான விவாதம் பிறக்கும். கவைக்கோலின் வடிவம் முதியவரின் மேலுடைத் தையலில் மறுபடி வருகிறது. எங்கும் செங்குத்துக் கோடுகள், இறுகிய வாய்கள். ஆனால் அந்தப் பெண்ணின் கழுத்தோரம் ஒரு சுருள்முடி கட்டுக்கு அடங்காமல் தொங்குகிறது. கேலி செய்பவர் அவ்வளவு பரிவோடு அதை வரைவாரா? இருவரையும் கணவன் மனைவி என்று மாணவர்கள் எழுதுவார்கள். மாதிரிகளாக இருந்தவர்கள் ஓவியரின் தங்கையும் பல் மருத்துவரும். சேர்ந்து நிற்கவேயில்லை, தனித்தனியாக அமர்ந்தார்கள். இந்தத் தகவலையும் கடைசியில் சொல்லுங்கள்.

கேள்வி (விரிவுரையாளர்): இன்னும் ஏற்க முடியவில்லை. பகடி என்ற சொல்லைக் கேட்டதுமே மாணவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். அந்தச் சிரிப்பு எலா வாட்சனின் முகத்தில்தான் போய் விழும்.

பதில்: இந்தக் கவலை நியாயமானது. அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். முதலில் புகைப்படத்தைத் தனியாகக் காட்டுங்கள். கொடி ஏன் மங்கலாக இருக்கிறது, அவர் எங்கே பார்க்கிறார், துடைப்பம் எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்று மனநிலையைப் பேசி முடியுங்கள். அவரை ஒரு மனிதராகப் பார்த்த பிறகு வுட்டின் ஓவியத்தைப் பக்கத்தில் வையுங்கள். அப்போது எழுவது சிரிப்பாக இருக்காது, வெகுளியாக இருக்கும். பகடி என்ற பெயர் கடைசியில் வரட்டும். அந்தப் பெயர் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் அதற்காக உங்களோடு சண்டையிட மாட்டேன். ஆனால் மூல ஓவியத்தைக் காட்டாமல் விடாதீர்கள்.

கேள்வி: மாணவர்கள் வரைந்த பகடியைப் பள்ளி மலரில் அச்சிட்டால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

பதில்: நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: மனநிலைக்கு எப்படி மதிப்பெண் போடுவது? ஒருவன் 'அச்சம்' என்கிறான், மற்றவன் 'அமைதி' என்கிறான்.

பதில்: மனநிலைச் சொல்லுக்கு மதிப்பெண் வேண்டாம். "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" என்ற கேள்விக்கு அவன் தரும் பதிலுக்கு மட்டும் போடுங்கள். அபிகைல் ஹவுசனும் பிலிப் யெனவைனும் வகுத்த பார்வைப் பயிற்சி முறையின் மூன்று கேள்விகளில் நடுவில் நிற்பது இதுதான். ஓவியத்துக்குள் இருக்கும் ஒன்றைச் சுட்டினால் மதிப்பெண் உண்டு. "எனக்கு அப்படித் தோன்றுகிறது" என்றால் இல்லை.

கேள்வி: 'அலறல்' ஓவியத்தில் அந்த மனிதர் ஏன் அலறுகிறார்?

பதில்: இயற்கைக்குள் ஓர் அலறலை உணர்ந்ததாகத்தான் அதை வரைந்த மூங்க் எழுதினார். கைகள் காதுகளில் இருப்பதைக் காட்டி, அலறல் எங்கிருந்து வருகிறது என்று மாணவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: பச்சை எந்த உணர்வைக் குறிக்கும்?

பதில்: அட்டவணை பற்றி மேலே எழுதியதைப் படியுங்கள். நிறங்களின் பொருள் கேட்டு இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் இதே பதில்.

கேள்வி (ஊரகப் பள்ளி ஆசிரியர்): எங்களிடம் ஒரு புரொஜெக்டர் இருக்கிறது. அது போதுமா?

பதில்: போதும், ஆனால் அதில் எல்லா ஓவியங்களும் ஒரே அளவாகிவிடும். பிக்காசோவின் 'குவெர்னிகா' (1937) ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் கொண்டது. மோனா லிசாவின் உயரம் 77 சென்டிமீட்டர்தான். முன்னது நம்மைச் சூழ்ந்துகொள்ளும், பின்னதை நாம் நெருங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். மனநிலையில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அளவுநாடாவால் அளந்து, உண்மையான அளவைச் சுவரிலோ தரையிலோ சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டுங்கள். மாணவர்கள் அதன் முன் நிற்கட்டும்.

கேள்வி: நாற்பது நிமிட வகுப்பு ஒன்றில் மனநிலை, பகடி இரண்டையும் முடித்துவிடலாமா?

பதில்: முடியாது. முதல் வகுப்பு முழுவதும் மூல ஓவியத்தின் மனநிலைக்கு. பகடி அடுத்த வகுப்பில். இரண்டாவது வகுப்பு கிடைக்காதென்றால் பகடியை விட்டுவிட்டு மூல ஓவியத்தை நன்றாகப் பாருங்கள்.