அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் கேமராவே கண்டுபிடிக்குமா?

ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் ஓரளவு முடியும். வைகைக்குள் தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டத்தில் அதே வழி பெரும்பாலும் தோற்றுவிடும்.

கணினி மனிதரை முதலில் புள்ளிகளாக மாற்றிக்கொள்கிறது. கணினியைப் பழக்கப் பரவலாகப் பயன்படும் கோகோ (COCO) என்ற படத் தொகுப்பில் ஓர் உடலுக்கு 17 புள்ளிகள்: மூக்கு, தோள், முழங்கை, இடுப்பு, கணுக்கால் என்று போகும். ஆனால் ஒரே ஒரு படம் போதாது. சாமி முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுபவரும் மயங்கி விழுந்தவரும் படத்தில் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். இடுப்பு எவ்வளவு வேகமாகக் கீழே வந்தது, கைகள் முன்னால் நீண்டனவா, அப்புறம் எழுந்தாரா என்று அடுத்தடுத்த படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் வேறுபாடு பிடிபடும். இதைக் கண்டுபிடிக்கும் மாடலை, அதாவது கணினி நிரலை, பழக்கும்போது இரண்டு வகைக் காட்சிகளையும் காட்ட வேண்டும். நம்மூர்க் கும்பிடலைப் பார்த்தே இராத மாடல் அதை விபத்து என்று சொல்லிவிடும். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் உழைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, நெரிசலில்? அங்கே தலைகள் மட்டுமே தெரியும். அதனால் தனி ஆளை விட்டுவிட்டு, வைகையின் குறுக்கே உள்ள ஏ.வி. பாலம் மாதிரி உயரமான இடத்திலிருந்து கூட்டத்தின் ஓட்டத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று கணக்கிட கணினிப் பார்வை ஆய்வாளர்களான லூகாஸும் கனாடேயும் 1981-லேயே ஒரு முறை தந்துவிட்டார்கள். நடை நின்று, கூட்டம் மொத்தமாக அலைபோல முன்னும் பின்னும் ஆடினால் அது ஆபத்தின் அறிகுறி. பக்தர்கள் தோப்பறை என்ற தோல் பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரும் அசைவாகவே பதியும். அதைப் பிரித்தறியவும் மாடலைப் பழக்க வேண்டும்.