ஒன்று சுற்றுகிறது, மூன்று படுத்துவிடுகிறது

கேள்வி: கந்தப்பளையில் லீக்ஸும் கரட்டும் போட்டிருக்கிறேன். மேட்டு ஊற்றில் தொட்டி கட்டி, 240 மீட்டர் கறுப்புப் பைப்பில் தண்ணீர் இறக்குகிறேன். தொட்டி தோட்டத்தை விட 25 மீட்டர் உயரத்தில். ஒரு ஸ்பிரிங்க்ளர் போட்டால் நன்றாகச் சுற்றுகிறது. மூன்றையும் திறந்தால் சொட்டிக்கொண்டு நிற்கிறது. மோட்டர் வாங்கத்தான் வேண்டுமா ஐயா?

பதில்: மோட்டருக்குக் காசு போடாதீர்கள். உயரம் உங்களிடம் இருக்கிறது. அதைப் பைப் தின்றுவிடுகிறது.

நீங்கள் பைப்பின் அளவை எழுதவில்லை. 25 மில்லிமீட்டர் என்று விற்கும் பைப்பாக இருந்தால், அது வெளிவிட்டம். தண்ணீர் போகிற உள்வாய் 22 அளவில்தான் இருக்கும். ஒரு துண்டை வெட்டி அளந்து பாருங்கள்.

பைப்பின் உராய்வில் எவ்வளவு உயரம் வீணாகிறது என்று சொல்வது ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரம். அதில் பிளாஸ்டிக் பைப்பின் வழுவழுப்புக்கு 150 என்ற எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்ப்போம். ஒரு ஸ்பிரிங்க்ளருக்கு நிமிடத்துக்கு 10 லீற்றர் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று ஓடும்போது 240 மீட்டர் பைப்பிலும் உராய்வில் போவது உங்கள் 25 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 3 மீட்டர்தான்; மிச்சம் 22. மூன்று ஓடினால் 30 லீற்றர். அப்போது இழப்பு மும்மடங்கு ஆவதில்லை, ஏழரை மடங்கு ஆகிறது: 22 மீட்டர் போய்விடும், மிஞ்சுவது 3. சுற்றுவதற்கு 15 மீட்டராவது கேட்கும் ஸ்பிரிங்க்ளர், 3 மீட்டரில் சொட்டாமல் என்ன செய்யும்?

உள்வாய் 28 உள்ள பைப்பில் அதே 30 லீற்றருக்கு இழப்பு 7 மீட்டருக்குள் அடங்கும். 18 மீட்டர் மிஞ்சும், மூன்றும் சுற்றும். ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம்தான்! வளைவு, வால்வுகளுக்கு இன்னும் பத்து சதவீதம் கழித்தாலும் போதும். பாதித் தூரத்துக்கு மட்டும் மாற்றிச் சமாளிக்கலாமென்று நினைக்காதீர்கள். மிஞ்சுவது 11 மீட்டர்கூட வராது.

வாங்குமுன் ஊற்றடியில் 20 லீற்றர் வாளியைப் பிடியுங்கள். நாற்பது விநாடிக்குள் நிறையாவிட்டால், எந்தப் பைப் போட்டாலும் மூன்றும் தொடர்ந்து ஓடாது. காசு சேரும்வரை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் திறங்கள்.

வழியில் மேடு ஏறி இறங்குகிற இடம் இருந்தால் அங்கே காத்து அடைக்கும். அந்த உச்சியில் ஒரு சின்ன வால்வு வைத்து, தண்ணீர் விடும்போது திறந்து காத்தை வெளியேற்றுங்கள். தொட்டிக்குள் பைப் வாயில் வலை கட்ட மறக்க வேண்டாம். சருகு ஒன்று போய் அடைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.