சிசேரியன் பிள்ளை பின்னாளில் பெருத்துவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 5 மாதம். சிசேரியனில் பிறந்தான். 3ஆம் மாதம் காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் பாணி கொடுத்தோம். இதனால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, பிள்ளை வளர வளரப் பெருத்துவிடுவான் என்கிறார்கள். பாமசியில் விற்கும் நல்ல கிருமிப் பவுடர் வாங்கிக் கொடுக்கவா?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: முதலில், உங்களையே குறை சொல்வதை விடுங்கள் தங்கச்சி. மூன்று மாதப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த டொக்டரும் அசட்டையாக இருக்க முடியாது.

நீங்கள் கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை. பின்லாந்தின் துர்க்கு நகரத்து ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. 7 வயதில் எடை கூடியிருந்த 25 பிள்ளைகள், அளவான எடையுள்ள 24 பிள்ளைகள். இவர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்து வைத்த மலத்தைப் பரிசோதித்தார்கள். அளவான எடையுள்ளவர்களிடம் பிஃபிடோ பாக்டீரியா என்ற நல்ல கிருமி கூடுதலாக இருந்தது. ஆனால் மொத்தமே 49 பிள்ளைகள். கிருமி குறைந்ததால்தான் எடை கூடியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

அந்தப் பிஃபிடோவுக்குப் பிடித்த சாப்பாடு உங்களிடமே இருக்கிறது. தாய்ப்பாலில் தண்ணீரும், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும், கொழுப்பும் போக, அடுத்து அதிகம் இருப்பவை சில விசேஷச் சர்க்கரைகள். அவற்றைப் பிள்ளையால் செரிக்க முடியாது. நேரே பெருங்குடலுக்குப் போய் இந்தக் கிருமிக்கு இரையாகின்றன. பிள்ளைக்கு மட்டுமல்ல, அதன் வயிற்றுக் கிருமிக்கும் சேர்த்துத் தாய் பால் சுரக்கிறாள்! எத்தனை வருடமானாலும் எனக்கு இது வியப்புத்தான். 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், அப்புறம் சாப்பாட்டோடு சேர்த்து 2 வயதும் அதற்கு மேலும் கொடுங்கள். பவுடர் வேண்டாம். அது எடை கூடாமல் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

இன்னொன்று, தடிமன் வந்தவுடன் பழைய அன்டிபயோட்டிக் மிச்சத்தைத் தேடி எடுத்துக் கொடுக்காதீர்கள்.

எனக்குக் கூடுதல் பயம் பால் போத்தலில்தான். கிளினிக்கில் ஒருநாள் ஒரு போத்தலைத் திறந்து பார்த்தேன். தேத்தண்ணி நிறத்தில் பால், அடியில் கூழாகப் படிந்த பிஸ்கட், அது இறங்குவதற்காகச் சூப்பியின் ஓட்டையை வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். "கொழுகொழு எண்டு இருந்தாத்தானே வடிவு" என்றார் அம்மம்மா. பாசம்தான், ஆனால் பிள்ளை பெருக்க இதுவே போதும்.

அடுத்த மாதம் குழைந்த சோறு, பருப்பு, கீரை, முள் எடுத்த மீன் என்று தொடங்குங்கள். ஒரு வயதுவரை சீனியும் உப்பும் சேர்க்க வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது எடையோடு நீளத்தையும் அளந்து புத்தகத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நீளத்துக்கேற்ற எடைக் கோடு, புத்தகத்தில் அச்சிட்ட கோடுகளைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டே போனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்.