உங்கள் போல்ட்டில் சூனியம் இல்லை

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். போல்ட், நட் தயாரிக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். அப்பா காலத்தில் 'சண்முகா' என்றிருந்த பெயரை மாற்றி, 'ஹெக்ஸ்' என்று தொடங்கும் பெயரில் போர்டு எழுதக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவில் படிக்கும் மச்சினர் மகன் போனில், "மாமா, ஹெக்ஸ்னா அங்கே சூனியம்னு அர்த்தம்" என்றிருக்கிறான். அன்று போன தூக்கம் இன்னும் வரவில்லை. நடுவில் ஒரு பெயர்ராசிக்காரர் புகுந்து, கடைசியில் இன்னொரு 'எக்ஸ்' சேர்த்தால் தோஷம் கழியும், அதற்குப் பதினைந்தாயிரம் ஆகும் என்கிறாராம். மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம். ஆனால் பையன் சொன்னதும் பொய்யில்லை.

தமிழில் 'ஆறு' என்று ஒரு சொல் இருக்கிறது. எண்ணும் அதுதான், நதியும் அதுதான், காபியை ஆறவிடுவதும் அதுதான். ஆறாம் நம்பர் வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிடும் என்று யாரும் பயப்படுவதில்லை. ஆங்கில ஹெக்ஸும் அப்படித்தான். எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறந்த வீடு வேறு.

உங்கள் ஹெக்ஸ் கிரேக்கம். ஆறு என்று பொருள். ஆறு பட்டை கொண்ட தலை என்பதால் ஹெக்ஸ் போல்ட். கிரேக்கத்தில் சொல்லின் முதலில் வந்த பழைய ஸகரம் பெரும்பாலும் ஹகரமாகத் தேய்ந்துவிட்டது. அதே சொல்தான் லத்தீனில் ஸெக்ஸ், ஆங்கிலத்தில் சிக்ஸ், சம்ஸ்கிருதத்தில் ஷட். ஷட் என்பதோடு முகம் சேர்ந்தால் ஷண்முகன், ஆறுமுகன். அப்பா வைத்த பெயரிலிருந்து நீங்கள் ஒன்றும் விலகிப் போய்விடவில்லை ஐயா.

பையன் சொன்ன ஹெக்ஸ் ஜெர்மன். ஜெர்மனில் 'ஹெக்ஸெ' என்றால் சூனியக்காரி. பழைய வடிவம் 'ஹகஸுஸ்ஸா'. அதன் முதல் பாதியை வேலி என்ற சொல்லோடு சேர்த்துப் பார்ப்பார்கள். இரண்டாம் பாதி பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், அது நமக்கு வேண்டாம். பொல்லாத கிழவியைக் குறிக்கும் ஆங்கில 'ஹேக்' இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களிடமிருந்து சுமார் 1830-இல் இது ஆங்கிலத்துக்குள் வந்தது. முதலில் 'சூனியம் வைப்பது' என்ற வினை. சூனியக்காரி என்ற பெயர்ச்சொல்லும் அந்த நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. வைக்கப்பட்ட சூனியத்தையே ஹெக்ஸ் என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

அகராதியில் 'சாபம்' என்று போட்டிருப்பார்கள். அது சரியில்லை. சாபம் வயிறெரிந்தவர் வாயிலிருந்து வருவது, அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் உண்டு. ஹெக்ஸ் நம் ஊர் செய்வினைக்குப் பக்கத்தில் வரும்: ஒருவர் உட்கார்ந்து, வேலை மெனக்கெட்டு, வைப்பது. ஓர் அகராதிப் பணியில் இருந்தபோது, இரண்டு ஹெக்ஸையும் தனித்தனித் தலைப்பாகப் போடச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். பக்கம் கூடுமாம்! ஒன்றாக ஒட்டி அச்சடித்தார்கள். இன்று போன் ஆப்களிலும் அதே ஒட்டுதான். அந்த மூன்று கடிதங்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை. உங்கள் தூக்கம் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இரண்டும் உரசிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் அதைத்தான் காட்டிக் குழப்புவார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பென்சில்வேனியாவின் பெர்க்ஸ், லீஹை மாவட்டங்களில் பெரிய களஞ்சியங்களின் சுவரில் வட்டத்துக்குள் பூ வரைந்திருப்பார்கள். பெரும்பாலும் ஆறிதழ். காரணம் கைவேலை: காம்பஸால் வட்டம் போட்டு, அதே அகலத்தை மாற்றாமல் விளிம்பில் காம்பஸை நகர்த்திக்கொண்டே போனால் சரியாக ஆறு நகர்த்தலில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்து ஜாமெட்ரி பாக்ஸிலேயே செய்து பாருங்கள். ஊர்க்காரர்களுக்கு அது நட்சத்திரம், பூ, அவ்வளவே. 1924-இல் வாலஸ் நட்டிங் என்பவர் தம் புத்தகத்தில் அதைச் சூனியக்காரியின் பாதம் என்று எழுதினார். அதன்பிறகு 'ஹெக்ஸ் சைன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, வட்டத் தகடுகளில் வரைந்து சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிறார்கள். ஆறிதழும் ஹெக்ஸும் ஒரே சுவரில் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று ஆகாது. சாத்தானின் எண் என்கிறார்களே, அந்த 666-இலிருந்துதான் ஹெக்ஸ் வந்தது என்பதும் சுத்த ரீல்.

இனி அந்தப் பதினைந்தாயிரம். அதே பென்சில்வேனியாவில் யார்க் மாவட்டத்தில் ஜான் பிளைமைர் என்பவருக்கு உடம்பு சரியாகவே ஆகவில்லை. யாரோ ஹெக்ஸ் வைத்துவிட்டார்கள் என்று நம்பினார். நெல்லி நோல் என்ற வைத்தியக்காரி, வைத்தது நெல்சன் ரேமையர்தான் என்று பெயர் சொன்னார். பரிகாரம், ரேமையரின் தலைமுடியில் ஒரு கற்றையைப் புதைக்க வேண்டும், அல்லது அவருடைய மந்திரப் புத்தகத்தை எரிக்க வேண்டும். 1928 நவம்பரில் பிளைமைர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார், அதில் ஒருவனுக்கு வயது 14. கைகலப்பில் ரேமையர் செத்தார். பிளைமைருக்கும் அந்தப் பையனுக்கும் ஆயுள் தண்டனை. ஆளைக் கைகாட்டிய நெல்லி நோல் கூண்டில் ஏறவில்லை.

உங்கள் பெயர்ராசிக்காரர் அந்த அளவுக்குப் போகமாட்டார், சரி. ஆனால் முறை அதேதான்: முதலில் பயத்துக்கு ஒரு பெயர், அப்புறம் பரிகாரத்துக்கு ஒரு விலை. ஒரு 'எக்ஸ்' சேர்த்தால் கழிகிற தோஷம், ஆறு மாதம் கழித்து இன்னொரு எழுத்தைக் கேட்கும்.

பெயரில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆறு பட்டை போல்ட் விற்பவர் 'ஹெக்ஸ்' என்று மட்டும் பெயர் வைத்தால், அது பொருளைச் சொல்லும் சொல், தனி அடையாளம் இல்லை என்று, டிரேட்மார்க் பதிவு செய்யப் போகும்போது 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் ஆட்சேபம் வரலாம். கூட உங்களுக்கே உரிய சொல் ஒன்று இருக்கட்டும். 'ஹெக்ஸ் சண்முகா' என்றுகூட வைக்கலாம், ஒரே ஆறு இரண்டு முறை வரும். விண்ணப்பம் போட்டதையே பதிவு ஆகிவிட்டது என்று ரசீது நீட்டும் ஏஜென்ட்டுகளும் உண்டு, வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள். பெயின்டருக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திரும்பக் கேட்காதீர்கள். சொல் சேர்ப்பதானால் போர்டின் நீளம் கூடும், அதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.