பட்டாளத்துக்காரர் என்றால் வாட்ச்மேன்தானா?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகும் வழியில், எல்லைக்கு அந்தப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கிறேன். பட்டாளத்தில் 17 வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்த 38 வயதுக்காரர் ஒருவர் வேலை கேட்கிறார். அங்கே ஸ்டோர் பார்த்தாராம். 'கேட்டில் வாட்ச்மேனாகப் போடலாம். பென்ஷன் வருகிறதே, சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளலாம்' என்கிறார் எங்கள் மேனேஜர். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், பரதராமி

பதில்: நானும் யூனிட் ஸ்டோரில் காலம் தள்ளியவன். என் பேச்சில் கொஞ்சம் இனப்பற்று தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பென்ஷன் அவர் ஏற்கெனவே உழைத்ததற்கு வருவது. அதிகாரி அல்லாத படைவீரர் 55 வயதுக்குள் ஓய்வு பெற்று மத்திய அரசு வேலைக்கு வந்தால், சம்பளம் நிர்ணயிக்கும்போது அவருடைய பென்ஷனைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. தனியாரை அந்த விதி கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் வேலைக்கு என்ன சம்பளமோ அதைக் கொடுங்கள்.

மீசையைப் பார்த்ததும் கேட்டில் நிறுத்தத்தான் எல்லாருக்கும் தோன்றுகிறது. ஸ்டோர் ஹவில்தார் லெட்ஜர் எழுதியவர். முதலில் வந்த சரக்கை முதலில் வெளியே அனுப்பியவர். சரிபார்க்க வருபவர்கள் எண்ணும்போது ஒரு போர்வை குறைந்தாலும் பதில் சொன்னவர். ஜூன், ஜூலையில் பெங்களூரா காய் ஏற்றிய டிராக்டர்கள் உங்கள் வாசலில் வரிசை கட்டுமே, அங்கே டோக்கன், எடைமேடைச் சீட்டு, கழித்த காய்க் கணக்கு மூன்றையும் அவரிடம் விட்டுப் பாருங்கள். யாருடைய மச்சான் வண்டியும் முந்தாது. (மேனேஜர் தயங்குவது அதற்காகவும் இருக்கலாம்!)

ஒரு தொல்லை உண்டு. நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் எங்கள் ஆட்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்புறம், டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிப் பாருங்கள். சர்வீஸ், டிரேட் (அங்கே பார்த்த வேலைப் பிரிவு), நடத்தை எல்லாம் அதில் இருக்கும்.

அவர் அரசு வேலைக்கும் எழுதிக்கொண்டிருப்பார். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதம் ஒதுக்கீடு; வயதில் சர்வீஸைக் கழித்து, மேலே 3 வருஷமும் கழிப்பார்கள். அந்தக் கணக்கில் உங்கள் ஆளுக்கு வயது 18! உங்களிடம் சேர்வதால் அந்தச் சலுகையும் போகாது. அதனால் சீசன் முடியும்வரை இருப்பாரா என்று நேராகவே கேளுங்கள். இல்லையென்றால் வேலூரிலோ சித்தூரிலோ உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். வேலைக்குப் பதிந்து வைத்தவர்கள் அங்கே இருப்பார்கள்.